சம்பந்தியிடம் வாங்கிய கார்

குருநகர்ச் சூசைதாசன் யாரென்றால், வள்ளமும் ஆட்களும் வைத்து மீன்தொழில் செய்த சம்மாட்டி அடைக்கலநாதனின் இரண்டாம் தாரத்து மூத்த பிள்ளை. தாய் பாசையூராள். தாய் வழியில் எல்லாரும் வாய்க்காரர், தகப்பன் வழியில் கூப்பிட்டாலும் பதில் வராது. சூசைதாசன் தகப்பனைக் கொண்டு பிறந்தவன். பிறத்தியாரோடு சந்தையில் மீன் விலை பேசும்போது விட்டுக்கொடுக்க மாட்டான். சொந்தக்காரர் ஒரு சொல் சொன்னால் மட்டும் அதற்குமேல் ஒரு கேள்வி அவன் வாயால் வராது.

இளந்தாரி வயதில், மனைவி லூர்த்தம்மாவின் தமையன், "எஞ்சின் திறம், கொண்டு போ" என்று தன் வள்ளத்தைக் கொடுத்தான். சூசைதாசன் ஒருமுறை இழுத்துப் பார்க்கவுமில்லை, கொண்டு போய்விட்டான். நடுக்கடலில் எஞ்சின் செத்தது. வள்ளம் நீரோட்டத்தோடு போய், கடைசியில் மண்டைதீவு ஆட்கள் கண்டு கட்டியிழுத்து வந்தார்கள். அதற்குள் இங்கே மரித்தவருக்கான மணியை அடிப்பதா விடுவதா என்று கோயிலடியில் கதை தொடங்கிவிட்டது. கரையேறியவனிடம் மச்சான் என்ன நடந்ததென்று கேட்டான். காற்றுத்தான் மாறிப் பிழைத்துப் போனது என்று சூசைதாசன் சொன்னான். மச்சானின் முகம் வாடக்கூடாதாம். லூர்த்தம்மா இதை மறக்கவில்லை, மன்னிக்கவுமில்லை.

அப்படிப்பட்டவனுக்கு ஒரே பெட்டைப்பிள்ளை, மேர்சி. இடம்பெயர்ந்து சாவகச்சேரியில் இருந்த காலத்தில் வயிற்றில் தங்கி, திரும்பி வந்தபின் பிறந்தவள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் கம்பஸுக்குப் போய் வந்த காலத்தில் பிறேம் என்ற பையனைக் கண்டு விரும்பினாள். பிறேம் கொக்குவில் செல்வத்துரை மாஸ்டரின் மகன். அவர்கள் மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்று தலைமுறை படித்த புரட்டஸ்தாந்துக் குடும்பம். குருநகர் என்கிற அந்தக் கரையூர்ப் பக்கம் சம்பந்தம் வைப்பதா என்று செல்வத்துரையின் சகோதரிமார் முகம் சுளித்தார்களாம். செல்வத்துரையும் பியாட்றிஸும் கடைசியில் ஓமென்று வந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து சூசைதாசனுக்கு அந்தக் குடும்பம் கண்ணாடிச் சாமான் மாதிரி. கை படவே பயம்.

பிறேமுக்குச் சின்ன வயதிலிருந்து ஒரேயொரு ஆசை என்று மேர்சிதான் சொன்னாள். கொக்குவில் வீட்டு வளவில், தார்ப்பாய்ப் படங்குக்குக் கீழே ஒரு எம்.ஜி. கார் நிற்கிறது. இரண்டு பேர் மட்டும் இருக்கலாம், கூரையை மடித்துப் பின்னால் போடலாம். பாட்டன் காலத்துக் கார். தகப்பன் அதை ஒருநாளும் ஓட்ட விட்டதில்லையாம், கேட்டால் ஏதாவது சாட்டுச் சொல்வாராம்.

சூசைதாசன் அன்றே மனதுக்குள் முடிவு கட்டிவிட்டான். மருமகனுக்கு எல்லாரும் மோட்டார் சைக்கிள் கொடுக்கிறார்கள். தான் கோயில் வாசலில் வைத்து அந்தக் காரின் திறப்புச் சாவியையே கையில் கொடுக்க வேண்டும். இரண்டு வள்ளங்களில் ஒன்றை விற்றான். மருமகனுக்கென்று சொன்னால் சம்பந்தி காசு வாங்க மாட்டார் என்று நினைத்து, கலியாண வீடுகளுக்கு வாடகைக்கு விடப் போகிறேன் என்று செல்வத்துரையிடம் சொன்னான்.

செல்வத்துரை அவனை வளவுக்குள் கூட்டிக்கொண்டு போனார். பிறகு படங்கை இழுத்தார். கடும்பச்சைக் கார், மினுக்கித் துடைத்து நின்றது. ஆனால் முன்பக்கம் மட்டும் தாழ்ந்து, நிலத்தை மணப்பதுபோல இருந்தது. எஞ்சின் பழையதல்ல என்று அவரே சொன்னார். சண்டைக் காலத்தில் பழைய எஞ்சினைக் கழற்றித் தோட்டத்துக்கு நீர் இறைக்கப் பூட்டி, அது மிளகாய்க் கன்றுகளுக்கு உழைத்து உழைத்தே போய்விட்டது. பிறகு அவருடைய தம்பி எபனேசர் ஒரு ஜப்பான் வான் வண்டியின் எஞ்சினைக் கொண்டுவந்து பொருத்தினான். பதிவுப் புத்தகத்திலும் மாற்றியாகிவிட்டது. எபனேசர் இப்போது நோர்வேயில், ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கிறவன். கூரையில் ஓடு மாற்றும்போது விழுந்தவன் என்று ஊர் அறியும்.

"நல்லா ஓடும்" என்றார் செல்வத்துரை. சொல்லும்போது காரைப் பார்க்காமல் கிணற்றடியைப் பார்த்தார்.

பக்கத்துத் தெருவில்தான் வாகனம் திருத்தும் நாகலிங்கத்தின் கராச். ஒரு குரல் கொடுத்தால் வந்து கீழே படுத்துப் பார்த்திருப்பான். சூசைதாசன் குரல் கொடுக்கவில்லை.

மீன் வான் ஓட்டிப் பழகினவன், தானே ஏறி ஓட்டிக்கொண்டு வெளிக்கிட்டான். காலை வைத்ததும் கார் பாய்ந்தது. சின்ன உடம்புக்குள் பெரிய மிருகம் ஒன்றை அடைத்து வைத்ததுபோல முன்பக்கம் உறுமியது. கொக்குவில் ரயில் கடவையில் கேற் விழுந்துகொண்டிருந்தது. பிறேக்கை அமத்தினான். கால் கீழே போனது, கார் நிற்கவில்லை. இன்னொருமுறை அமத்தினான். கைப்பிறேக்கையும் சேர்த்து இழுத்தபின், முன்மூக்குக் கேற்றில் முட்டிக்கொண்டு நின்றது. கொழும்பு ரயில் கண்ணுக்கு முன்னால் பெட்டி பெட்டியாகப் போனது. பின்னால் நின்ற ஓட்டோக்காரன், "ஐயா, ரயிலையும் முந்தப் பாத்தியளோ?" என்று கேட்டுச் சிரித்தான். சூசைதாசனும் சிரித்து வைத்தான்.

வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. ரயர்க் கடையில் பிறேக் ஒயில் நிரப்பினான். கால் கொஞ்சம் இறுகியது, அவ்வளவுதான், பழக்கமில்லாத கார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனாலும் எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்தான். எஞ்சினைத் தாங்கிய இரும்பில் ஒட்டுப் போட்டு, மேலே புதுக் கறுப்பு மை பூசியிருந்தது. நகத்தால் சுரண்டினான். மை உரிந்தது, கீழே மயிரளவு வெடிப்பு. சுரண்டிய நகத்தைச் சாரத்தில் துடைத்துவிட்டு மூடியைச் சாத்தினான்.

லூர்த்தம்மாவுக்குக் கண் இருக்கிறதுதானே. மனிசன் சோறு பிசைந்துவிட்டு உண்ணாமல் இருப்பதைக் கண்டாள்.

"இஞ்சாருங்கோ, அந்தக் காரிலை என்னவோ இருக்கு. சம்மந்தியைக் கேளுங்கோவன்."

"கேட்டா, நீ பொய்யன் எண்டு மூஞ்சையிலை சொன்ன மாதிரி. கலியாணத்துக்கு முதல் எப்பிடிக் கேக்கிறது?"

"அப்ப என்ரை பிள்ளையை ஏத்தி அனுப்பிப்போட்டுக் கேப்பியளோ?"

அவன் எழுந்து கையைக் கழுவினான். கலியாணம் முடியட்டும், பிறகு நாகலிங்கத்திடம் விடலாம், ஒருநாள்தானே என்று எண்ணினான். அந்த ஒருநாளில் பிள்ளைகள் பண்ணைப் பாலத்துக்குப் போய்ப் படம் எடுப்பதாக ஏற்பாடு. இரண்டு பக்கமும் கடல், நடுவில் தெரு. அதை நினைக்கும்போதெல்லாம் எழுந்து வாசலுக்குப் போய் நின்றான்.

கலியாணத்தன்று கோயில் நிறைந்த சனம். பூசை முடிந்து வெளியே வந்தபோது, சூசைதாசன் பூக்கட்டிய காரைச் சுற்றியிருந்த சீலையை இழுத்துவிட்டு, திறப்பை பிறேமின் கையில் வைத்தான். பையன் மாமனைக் கட்டிப்பிடித்தான். சனம் கைதட்டியது. மேர்சி வெள்ளைச் சேலையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். படக்காரர் தங்கள் வானில் முன்னே வெளிக்கிட்டார்கள்.

சூசைதாசன் அப்போது சம்பந்தியைப் பார்த்தான். செல்வத்துரை கைதட்டவில்லை. பியாட்றிஸ் அவருடைய கோட்டுக் கையைப் பிடித்து முறுக்கிக்கொண்டு நின்றாள், உதடு மட்டும் அசைந்தது. அவர் காரடிக்கு வந்து குனிந்தார்.

"தம்பி, வெயிலப்பா. வான்லை போங்கோ. உந்தக் காரைப் பிறகு ஓடலாம்."

பிறேம் சிரித்தான். "இருவது வருசமா நீங்கள் சாட்டுச் சொன்னியள். இண்டைக்கு மாமா தந்திட்டார், உங்கடை சாட்டு எடுபடாது."

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். செல்வத்துரை நிமிர்ந்தார். பெறாமக்கள், மைத்துனர்மார், பாதிரியார், கரையூர்ச் சனம் எல்லாரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, ஒரு அடி பின்னால் வைத்தார். எஞ்சின் உறுமியது. காரின் முன்பக்கம் நடுங்கிய நடுக்கத்தில் கட்டியிருந்த பூ உதிர்ந்தது.

அந்தப் பின்னால் வைத்த அடியைச் சூசைதாசன் கண்டான். ஒரு மனிதன் தன் சொந்தப் பிள்ளையைவிட்டு, வெட்கத்துக்குப் பயந்து விலகுவதைக் கண்டான். தானும் அதே அடியைத்தான் இத்தனை நாளும் வைத்து நின்றான் என்பது அவனுக்கு விளங்கியதோ என்னவோ, கால் தானாகப் போனது. கோட்டும் சப்பாத்துமாகக் காருக்கு முன்னால் போய், இரண்டு கையையும் மூடியில் ஊன்றிக்கொண்டு நின்றான்.

"எஞ்சினை நூரடா தம்பி, நிப்பாட்டு" என்றான். பிறகு திரும்பி, எல்லாருக்கும் கேட்கத்தக்கதாக, "சம்மந்தி, இந்தக் காரிலை என்ன பிழை?" என்று கேட்டான்.

பியாட்றிஸ்தான் முதலில் அழுதாள். செல்வத்துரை நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"பிறேக் சூடேறினாப் பிடியாது. எஞ்சின்ரை பாரத்துக்குச் சட்டமும் தாங்காது. எபன்ரை கால் கூரையாலை விழுந்து முறிஞ்சதில்லை. நாவற்குழிப் பாலத்தடியிலை, உந்தக் காராலை."

பிறேம் எஞ்சினை நிறுத்தினான். திறப்பை எடுத்தவன் அதைப் பிடித்தபடியே இருந்தான். யாரோ ஆண்டவருக்குத் தோத்திரம் சொன்னார்கள். நல்லவேளை, கேட்டதாலே இரண்டு பிள்ளையும் தப்பியதென்று கிழவிமார் சிலுவை போட்டார்கள். சனம் மூச்சுவிட்டு, பந்திப் பக்கம் திரும்பப் பார்த்தது.

சூசைதாசன் திரும்பவில்லை. ஒரு கேள்வி கேட்டவனுக்கு இரண்டாவது தானாக வந்தது.

"தெரிஞ்சுகொண்டு எனக்கேன் வித்தனீங்கள்?"

செல்வத்துரை நிமிர்ந்து பார்த்தார். தன்னை நியாயப்படுத்தத்தான் சொன்னார் பாவம், என்ன சொல்கிறோம் என்று யோசிக்கவில்லை.

"பிள்ளையளுக்கெண்டு நான் கனவிலையும் நினைக்கேல்லை சம்மந்தி. வாடகைக்கு விடப்போறன் எண்டெல்லோ சொன்னனீங்கள். வேறை ஆரும் தானே ஏறப்போகினம் எண்டு…"

பாதியில் நிறுத்திவிட்டார். வேறு ஆர் என்று ஒருவரும் கேட்கவில்லை. கோயில் வாசலில் நின்ற அத்தனை குடும்பத்திலும் கலியாணத்துக்குக் காத்திருக்கும் பெட்டைகள் இருந்தார்கள்.

மேர்சி காரில் இருந்தபடி முழுவதையும் கேட்டாள். இறங்கினாள். மாமனாரின் முகத்தை, அன்றுதான் முதல்முறை பார்ப்பவள்போல, ஆறுதலாகப் பார்த்தாள். அவர் கண்ணைத் தாழ்த்தினார். கழுத்தில் தாலி ஏறி ஒரு மணித்தியாலமும் ஆகவில்லை. இரவைக்குப் போக வேண்டியது அவருடைய வீட்டுக்கு.

பந்தி பரிமாறினார்கள், ஆட்கள் உண்டார்கள், அதிகம் கதைக்கவில்லை. பொழுது சாய, மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போக வானைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். லூர்த்தம்மா மகளின் கையை விட்டாள், திரும்பவும் பிடித்தாள். பிறேம் தகப்பனுக்குப் பக்கத்தில் இராமல் பின் இருக்கையில் போய் இருந்தான். மேர்சி ஏற முதல் தகப்பனிடம் வந்தாள்.

"அப்பா, உங்களுக்கும் தெரியுமோ?"

சூசைதாசன் நகத்தைப் பார்த்தான்.

"ஓம், பிள்ளை" என்றான். "கொஞ்சம் தெரியும்."

அவள் தலையாட்டினாள். வானின் கதவு சாத்தியது. கொக்குவில் பக்கம் போகும் வெளிச்சத்தை அவன் தெரு முனைமட்டும் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகும் நின்றான்.