தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம்

எங்கள் பள்ளிக்கூடத்தில் கை கழுவுவதற்காகப் பரிசு வாங்கிய ஒரே பிள்ளை நான்தான். கொரோனா அடங்கிப் பள்ளிக்கூடங்கள் திறந்த காலம் அது. வாசலில் புதிதாகக் குழாய்கள் பூட்டிச் சவர்க்காரம் வைத்திருந்தார்கள். மற்றப் பிள்ளைகள் விரல் நுனியை நனைத்துவிட்டு ஓட, நான் மட்டும் முழங்கை வரை தேய்த்துக்கொண்டு நிற்பேன். வகுப்பு டீச்சர் என்னை முன்னுக்குக் கூப்பிட்டு, இவளைப் பார்த்துப் பழகுங்கள் என்று எல்லோருக்கும் சொல்லி, ஒரு கலர்ப் பெட்டியும் தந்தார். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டுக்கு வந்துபோன அத்தனை பேருக்கும் அம்மா அதை எடுத்துக் காட்டினார்.

நான் கிருமிக்குப் பயந்து கழுவவில்லை. என் கைகளுக்குப் பயந்துதான் கழுவினேன். அது யாருக்கும் தெரியாது.

எங்கள் ஒழுங்கையில் இறங்கி நடந்தால் மரைன் டிரைவ் வீதி வரும். அதைக் கடந்தால் ரயில் பாதை, அதற்கப்பால் கடல். பரிசுக்குக் கொஞ்ச நாள் முன்பு, ஒரு ஞாயிறு பின்னேரம் தம்பியைக் கையில் பிடித்தபடி, ரயில் போகட்டும் என்று காத்து நின்றேன். அவனுக்கு நாலு வயது. எங்கிருந்தோ ஒரு யோசனை வந்தது: இப்போது இவனைத் தள்ளிவிட்டால்?

அவ்வளவுதான். தள்ள வேண்டும் என்ற ஆசை எனக்கு இல்லை. அவன்மேல் கோபம்கூட இல்லை. என் ஐஸ்கிறீமில் பாதியை அவனுக்குக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தேன். ஆனால் அந்த யோசனை ரயிலோடு போகவில்லை. எங்களோடு வீட்டுக்கு வந்தது. சோறு சாப்பிடும்போது வந்தது, கணக்குச் செய்யும்போது வந்தது. இப்படி நினைக்கிறவள் எப்படிப்பட்ட பிள்ளை என்று எண்ணும்போதே எனக்கு உடம்பு குளிர்ந்துவிடும். கையைக் கழுவினால் கொஞ்ச நேரம் அடங்கும். கழுவும்போது மனதுக்குள் முருகனின் பெயரைப் பிழையில்லாமல் சொல்ல வேண்டும். இடையில் யாராவது கூப்பிட்டுவிட்டால் மறுபடியும் முதலில் இருந்து.

பிறகு தம்பியைத் தொடுவதையே விட்டேன். அவன் மடியில் வந்து ஏறினால் எழுந்து போய்விடுவேன். கடற்கரைக்குக் கூப்பிட்டால் வயிற்றுவலி என்பேன். “இவளுக்குத் தம்பியில எரிச்சல்” என்று அப்பா சொன்னது காதில் விழுந்தபோது எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. எரிச்சல் என்றே நினைத்துக்கொள்ளட்டும். உண்மை அதைவிட எவ்வளவோ மோசம் என்று நான் நம்பியிருந்தேன்.

விடுமுறையில் ஒரு நாள் அம்மா என்னை வற்புறுத்திக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். தூரத்தில் ரயிலின் சத்தம் கேட்டதும் தம்பி அதைப் பார்க்கவென்று முன்னுக்கு ஓடினான். எனக்குக் கை எட்டும் தூரம்தான்.

“பிடி அவனை! பிள்ளை, பிடி!” என்று பின்னாலிருந்து அம்மா கத்தினார்.

என் இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருந்தன. கடலை விற்றுக்கொண்டிருந்தவர்தான் “மல்லி! மல்லி!” என்று சிங்களத்தில் தம்பியைக் கூப்பிட்டபடி பாய்ந்து அவனை இழுத்தார். ரயில் வர இன்னும் நேரம் இருந்தது. ஆனால் அம்மாவின் முகம் அப்படிச் சொல்லவில்லை. அன்றுதான் முதன்முறையாக என் கன்னத்தில் அடித்தார்.

என் கையைப் பிடித்து இழுத்தபடி நடந்தவர், ஒழுங்கை முனையில் நின்றுவிட்டார். என் கையைத் திருப்பி விரல்களை விரித்துப் பார்த்தார். விரலிடுக்கெல்லாம் வெடித்து இரத்தம் கசிந்திருந்தது. வீட்டுக்குப் போனதும் மாமிக்கு ஃபோன் எடுத்தார்.

மாமி அப்பாவின் தங்கை. கொட்டாஞ்சேனையில் இருந்தார், ஆஸ்பத்திரியில் தாதி. வந்து என் கைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அண்ணி, இது சுத்தம் இல்லை. இது ஒரு வருத்தம். மாத்தக்கூடிய வருத்தம்.”

நோயைத்தான் எங்கள் பக்கத்தில் வருத்தம் என்போம். அந்தச் சொல் எனக்கு அவ்வளவு இனிப்பாக அதற்கு முன்பும் பின்பும் இருந்ததில்லை.

மாமி கூட்டிப்போன மனநல டொக்டர் ஒரு சிங்களப் பெண். அம்மாவை வெளியில் இருக்கச் சொல்லிவிட்டு, “கையில என்ன இருக்கு துவ, இவ்வளவு கழுவ?” என்று கேட்டார். துவ என்றால் மகள். நான் கைகளை மேசைக்கடியில் ஒளித்தேன்.

“வேணாம் சொன்னாலும் வாற யோசனை இருக்கா? சரியான கெட்ட யோசனை?”

அப்படி ஒரு கேள்வியை ஒருவர் கேட்கக்கூடும் என்று நான் நினைத்ததே இல்லை. மேசையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு, அவர் பொலிசுக்கு ஃபோன் பண்ணப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் எழுந்து ஃபேனைக் கொஞ்சம் கூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“சரி. நிறையப் பேர் இங்க வந்து இதே கதை சொல்றது” என்றார்.

எல்லோருக்கும் இப்படியான யோசனைகள் வந்துபோகுமாம். சிலருடைய மூளை மட்டும் அதைப் போகவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். அதுவும் யார்மேல் உயிராக இருக்கிறோமோ அவர்களைக் காட்டியே பயமுறுத்துமாம். கழுவக் கழுவ அந்தப் பயத்துக்குத்தான் தீனி.

“காலிக்குப் போற ரோட்டில எவ்வளவு பஸ் போகுது? எல்லாத்திலயும் ஏறுறதா? வரட்டும், போகட்டும்.”

கடைசியில், அம்மாவுக்குச் சொல்லலாமா என்று கேட்டார். கை கழுவுகிற கதையைத்தான் சொல்லப்போகிறார் என்று நினைத்துத் தலையாட்டினேன். உள்ளே போன அம்மா வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. “கழுவுற வருத்தமாம். மாறிடுமாம்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. வரும் வழியில் எனக்கு ரோல்ஸ் வாங்கித் தந்தார். மற்றது டொக்டரோடு நின்றுவிட்டது என்ற நிம்மதியில் அதை ருசித்துச் சாப்பிட்டேன்.

அதன் பிறகு டொக்டர் தந்த வீட்டுவேலை: தம்பியின் கையைப் பிடிக்க வேண்டும், பிடித்துவிட்டுக் கழுவாமல் இருக்க வேண்டும். முதல் நாள் குழாயைப் பார்த்துப் பார்த்து அழுதேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார். கழுவு என்றும் சொல்லவில்லை, கழுவாதே என்றும் சொல்லவில்லை. பயம் ஏறிக்கொண்டே போய், பிறகு அலுத்துப்போனதுபோலத் தானாகவே இறங்கியது. அது இறங்கக்கூடியது என்பதே எனக்குப் பெரிய புதினம், அதுவரை அறியாத செய்தி. கைப்புண்கள் ஆறத் தொடங்கின.

பிறகு ஒரு பின்னேரம் அம்மா எங்களை ரயில் பாதைக்குக் கூட்டிப்போனார். பாதையிலிருந்து கொஞ்சம் தள்ளி எங்களை நிறுத்தி, தம்பியின் கையை எடுத்து என் கைக்குள் வைத்தார்.

“கோச்சி போனாப் பிறகு இவனைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. நான் அங்கால நிக்கிறன்.”

பாதையைக் கடந்து போய், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி கடலைப் பார்த்து நின்றுகொண்டார்.

ரயில் வந்தது. வழக்கம்போல அந்த யோசனையும் வந்தது. நான் முருகனைக் கூப்பிடவில்லை. வரட்டும் என்று விட்டேன். வாசலில் தொங்கிக்கொண்டு போனவர்களுக்குத் தம்பி கை காட்டினான். கடைசிப் பெட்டியும் போய்விட்டது. அவன் கை என் கைக்குள் பிசுபிசுவென்று வியர்த்து, பத்திரமாக இருந்தது. இரண்டு பக்கமும் பார்த்துக் கடந்தோம். எனக்குச் சிரிப்பு வந்தது, நிறுத்த முடியவில்லை. காரணம் தெரியாமலே தம்பியும் சேர்ந்து சிரித்தான். நான் அம்மாவின் கையைப் பிடித்தேன். அது ஐஸ்போலக் குளிர்ந்திருந்தது. கடற்காற்று என்று நினைத்தேன்.

அன்று எனக்கு அம்மாமேல் ஒரு சின்ன மனக்குறையும் இருந்தது. இவ்வளவு பெரிய காரியம் செய்திருக்கிறேன், ஒருதரமாவது திரும்பிப் பார்க்கவில்லையே என்று. பாவம், அவருக்குக் கழுவுற வருத்தம் மட்டும்தானே தெரியும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். டொக்டர் முதல் நாளே தண்டவாளக் கதை முழுவதையும் அம்மாவிடம் சொல்லிவிட்டார் என்பது, நான் வளர்ந்த பிறகு மாமி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அத்தனையும் தெரிந்துகொண்டுதான் அம்மா தம்பியின் கையை என் கைக்குள் வைத்தார். ரயில் போய் முடியும்வரை திரும்பிப் பார்க்காமல் நின்றார்.