வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு என்னை பஸ் ஏற்றிவிட ஐந்து பேர்!

இன்று சாயங்காலம் லிஃப்டில்...

பக்கத்து ஃப்ளாட் தம்பி லேப்டாப் பையோடு நின்றிருந்தார். மணி நாலுகூட ஆகவில்லை.

"என்ன தம்பி, அதுக்குள்ள வந்துட்டீங்க?"

"எங்க கம்பெனில வெள்ளிக்கிழமை சீக்கிரம் விட்டுருவாங்க ஆன்ட்டி. புதுசா கொண்டு வந்திருக்காங்க!"

புதுசா!

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அறுபது வருடத்துக்கு முன்னால் என்னை வைத்து ஒரு ஆபீஸே வெள்ளிக்கிழமை சீக்கிரம் கிளம்பியது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. (பத்து விரலால் தட்டிய டைப்பிஸ்ட் இன்று போனில் ஒற்றை விரலால் தட்டுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

அறுபதுகளின் தொடக்கம். புதுக்கோட்டையில் ஒரு பஸ் கம்பெனி ஆபீஸ். ஐந்து ஆண்கள், நான் ஒருத்தி. ஊர் திருமயம் பக்கம். எங்கள் தெருவிலிருந்து ஆபீஸ் வேலைக்குப் போன முதல் பெண் நான்தான்!

சேர்ந்த அன்றே முதலாளி வீட்டம்மா சொல்லிவிட்டார்.

"வெள்ளிக்கிழமை பொம்பளப்புள்ள நேரத்தோட வீட்டுக்குப் போயி வெளக்கேத்தணும். மூணரைக்கு விட்டுருங்க."

நான் கேட்கவே இல்லை. ஆனாலும் சட்டமாகிவிட்டது.

முதல் வெள்ளிக்கிழமை ஹெட் கிளார்க் வேலாயுதம் அண்ணன் எழுந்தார். "தங்கச்சி தனியா போகக் கூடாது. நான் பஸ்ஸு ஏத்தி விட்டுட்டு வாரேன்."

அடுத்த வாரம், அண்ணன் குடை பிடிக்க, என் பையைத் தூக்க இன்னொருவர்.

அதற்கடுத்த வாரம், சீட் பிடித்துக் கொடுக்க ஒருவர்.

இரண்டே மாதத்தில் ஐந்து பேரும்! கல்யாண ஊர்வலம் தோற்றது போங்கள்.

என்னை ஏற்றிவிட்ட பிறகு ஒருவராவது ஆபீஸுக்குத் திரும்பியிருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? இரண்டு பேர் டீக்கடை, மூன்று பேர் சினிமாக் கொட்டகை!

இதில் வேடிக்கை, நான் ஏறுவது எங்கள் கம்பெனி பஸ்தான். டிரைவர், கண்டக்டர் இருவருக்கும் என்னை நன்றாகத் தெரியும்.

இப்படியே ஒன்பது மாதம். பிறகு திருச்சியிலிருந்து புது மேனேஜர் வந்தார்.

அவர் வந்த முதல் வெள்ளிக்கிழமை. எங்கள் பஸ் ஒன்று விராலிமலை அருகே பிரேக் டவுன் ஆகி நின்றுவிட்டது. டிரைவர் ஒரு கடையிலிருந்து போன் போட்டிருக்கிறார். மணி அடித்துக்கொண்டே இருக்க, மேனேஜர் அறையை விட்டு வெளியே வந்து பார்த்தால் ஆறு நாற்காலியும் காலி. மேலே ஃபேன் மட்டும் மும்முரமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தது!

சனிக்கிழமை காலை முதல் ஆளாக என்னைக் கூப்பிட்டார்.

"ஒங்க ஒருத்தருக்காக ஆபீஸே காலியாவுதும்மா. இந்த மாசத்தோட நின்னுக்கங்க. ஆம்பளை டைப்பிஸ்டா பாத்துக்கறோம்."

என்னைப் பார்த்து எங்கள் தெருவில் இரண்டு பெண்கள் டைப்பிங் கிளாஸ் சேர்ந்திருந்தார்கள். நான் வீட்டுக்குத் திரும்பினால், மறுநாளே அவர்களையும் நிறுத்திவிடுவார்கள். "அப்பவே சொன்னோம்ல?" என்று ஊரே என் அப்பாவைக் கேட்கும்.

மேனேஜரை நேராகவே கேட்டேன்.

"சார், நான் தெனமும் காலையில தனியாத்தானே பஸ்ஸுல வாரேன்?"

"ஆமா."

"மத்த நாளு சாயங்காலமும் தனியாத்தானே போறேன்? வெள்ளிக்கிழமை மட்டும் எதுக்கு சார் அஞ்சு பேரு?"

மேனேஜர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப வெளக்கு?"

"எங்க அம்மா ஏத்துவாங்க சார். இத்தனை வருசமா அவங்கதான் ஏத்துறாங்க. வெள்ளிக்கிழமையும் அஞ்சு மணி வரைக்கும் இருக்கேன் சார். வேலையை மட்டும் எடுத்துராதீங்க."

"சரி, பாப்போம்" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மூன்றரை. வேலாயுதம் அண்ணன் குடையை எடுத்துவிட்டார். மற்ற நால்வரும் செருப்பை மாட்டிவிட்டார்கள்.

"வா தங்கச்சி, பஸ்ஸு வந்துரும்."

"நான் அஞ்சு மணிக்குத்தான் போறேண்ணே. நீங்க போயிட்டு வாங்க."

"நீ வராம நாங்க எப்புடித்தா போறது?"

கேட்டாரே ஒரு கேள்வி! பின்னாலேயே மேனேஜர் நின்றிருந்ததை அவர் பார்க்கவில்லை.

ஐந்து பேரும் சத்தமில்லாமல் உட்கார்ந்தார்கள். என் வேலை தப்பியது. ஆனால் ஒரு வாரம் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எட்டாவது நாள் வேலாயுதம் அண்ணன் வந்து தலையைச் சொறிந்தார்.

"தங்கச்சி, ஒன் பேச்ச மேனேஜர் கேக்குறாரு. எங்களுக்கும் ஒரு வார்த்தை..."

கேட்டேன்! தினமும் கால் மணி முன்னதாக வருகிறோம், வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு விடுங்கள், முறை வைத்து ஒருவர் ஐந்து வரை போனுக்குக் காவல் இருக்கிறோம் என்றேன். மேனேஜர் ஒத்துக்கொண்டார். நோட்டீஸ் டைப் அடித்தவள் நான். முறைப் பட்டியலில் முதல் பெயரும் என்னுடையதுதான். நானேதான் போட்டுக்கொண்டேன்!

அந்த வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஐந்து பேரும் கிளம்பினார்கள். மேனேஜரும் அன்று ஊருக்குப் போய்விட்டார். ஆபீஸில் நான் மட்டும். ஐந்து மணிக்குக் கதவைப் பூட்டி, சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்குத் தனியாக நடந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு அவ்வளவு பெருமை!

டீக்கடை பெஞ்சில் ஐந்து பேரும் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் வேலாயுதம் அண்ணன் டம்ளரோடு எழுந்து வந்தார். குடையைத்தான் நீட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"போனு ஏதும் வந்துச்சா தங்கச்சி?"

"ரெண்டு வந்துச்சுண்ணே."

"என்ன செஞ்சே?"

"பாத்துக்கிட்டேன்!"