இருநூற்று நாற்பதாவது நாள்

எங்கள் கலெக்டர் அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவளை ஊரே 'லீவு அக்கா' என்றுதான் கூப்பிடும். ஊர் விழாவுக்கான உள்ளூர் விடுமுறை ஆணையை ஒன்பது வருடமாக அவள்தான் அடித்தாள். ஆணை வருவதற்குள் ஃபோன் மேல் ஃபோன் போட்டு அவள் உயிரை வாங்குவார்கள். "அய்யா இன்னும் கையெழுத்துப் போடலப்பா, பொறு" என்று சிரிப்பாள்.

ஒன்பது வருடமும் ஒப்பந்த வேலை. ஒரே ஒப்பந்தத்தில் வருகைப் பதிவேட்டில் இருநூற்று நாற்பது கையெழுத்து விழுந்தால் வேலை நிரந்தரம். விழ விடுவார்களா? இருநூறு தாண்டியதும் ஏதாவது சாக்குச் சொல்லி நிறுத்திவிட்டு, ஒரு மாதம் கழித்துக் கூப்பிடுவார்கள். இந்த வருடம் அதிகாரி மாறியதில் அவளை மறந்துவிட்டார்கள். ஒப்பந்தம் முடியும் வெள்ளிக்கிழமைதான் இருநூற்று நாற்பதாவது நாள். என்னிடம் மட்டும் சொன்னாள்.

"யார்கிட்டயும் மூச்சு விட்டுடாதீங்கண்ணே."

நான் மூச்சு விடவில்லை. அதைவிடக் கேவலமான காரியம் செய்தேன். வெள்ளியன்று தொடங்கும் விழாவுக்கு, கடைசி நாளான புதன்கிழமைதான் வழக்கமாக விடுமுறை. வெள்ளிக்கே கொடுத்தால் சனி, ஞாயிறோடு சேர்ந்து மூன்று நாள் கிடைக்குமே என்று எல்லாரும் மனு எழுதினார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன். அது அவளுடைய நாள் என்பது எனக்கு ஞாபகமே வரவில்லை என்றால் நீங்கள் நம்பலாம். என் மனைவி நம்பவில்லை.

மனு பலித்தது. ஆணையை அவளே அடித்தாள். "பதிலுக்கு ஒரு சனிக்கிழமை வேலை நாள்னு போட்டிருக்கேண்ணே. அன்னிக்குக் கையெழுத்துப் போட்டா சரியாப் போச்சு" என்றாள். அப்பாவி! அந்தச் சனிக்கிழமை, அவள் ஒப்பந்தம் முடிந்து எட்டு நாள் கழித்து வந்தது.

அது அவளுக்கு வியாழன் மாலைதான் உறைத்தது. தலைமை எழுத்தர் முன்னால் போய் நின்றாள்.

"சார், நாளைக்கு வந்து கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போயிடறேன் சார்."

"லீவு நாள்ல பதிவேட்டைத் தொறக்க முடியுமாம்மா? ஆர்டரை அடிச்சதே நீதானே?" அவர் சிரித்தார். "அப்படியே உன்னை விடுவிக்கிற ஆர்டரையும் அடிச்சுக் குடுத்துடு. உன்னை மாதிரி சுத்தமா யாருக்கு வரும்?"

உட்கார்ந்து அடித்தாள். பாதியில் விரல் நின்றது.

"இருநூத்தி முப்பத்தொம்போது நாளை எண்ணால போடவா சார், எழுத்தால போடவா?"

"ரெண்டுலயும் போடும்மா. நீ கேஸ் போட்டா நிக்கக் கூடாது பாரு."

போட்டாள். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மூன்று நாள் லீவு அல்லவா!