அப்பாவின் சாட்சியை நிறுத்தியவர்

என் அப்பாவை ஆறு வருடம் பொய் சொல்ல வைத்தவர் எங்கள் சபையின் பழைய ஐயர். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் கோயில்களில் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம். அவர் இப்போது ஓய்வு பெற்று மகன் வீட்டில் இருக்கிறார். வயதானவரை ஏன் இழுக்கிறாய் என்று கேட்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கேட்கட்டும்.

எங்கள் ஊர் கோவில்பட்டியிலிருந்து கயத்தாறு போகும் வழியில், ரோட்டை விட்டு நாலு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. மானாவாரி நிலம். அப்பா உளுந்தும் மக்காச்சோளமும் போடுவார். அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போவாள். அப்பா குடித்தார், அம்மாவை அடித்தார். எனக்கு நாலு வயதாகும்போது குடியை விட்டார். அதன் பிறகு ஒரு சொட்டுத் தொடவில்லை. இதெல்லாம் உண்மை.

விட்ட கதை சின்னக் கதைதான். ஐப்பசி மழை பெய்த ஒரு மத்தியானம் குடித்துவிட்டுக் காட்டு வழியே குறுக்கே நடந்திருக்கிறார். நனைந்த கரிசல் ஆளை விடாது. செருப்பு போனது, கால் புதைந்தது, குப்புற விழுந்தார். எழுந்திருக்க முடியாமல் ஆண்டவரைக் கூப்பிட்டு அழுதிருக்கிறார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் கம்பை நீட்டித் தூக்கிவிட்டார். அடுத்த ஞாயிறு அப்பா கோயிலுக்குப் போனார்.

ஐயர் இதைப் பிடித்துக்கொண்டார். எங்கள் கோயில் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு ஆராதனை முடிந்ததும் ஊரே சேர்ந்து உண்ணும் அசனச் சாப்பாடு உண்டு. சாதமும் கறியும் வேகிற நேரத்தில், பந்தலில் அப்பாவின் சாட்சி, ஆண்டவர் தன்னை மாற்றிய கதையை எல்லார் முன்னாலும் சொல்வது. சாப்பாட்டுக்கு வரும் மற்ற மதத்துக்காரர்களும் கேட்கட்டும் என்று ஐயரே வைத்த ஏற்பாடு. முதல் வருடம் சகதி கணுக்கால் அளவுதான் இருந்தது. இரண்டாம் வருடம் முழங்காலுக்கு வந்தது. "இடுப்புன்னே சொல்லும் வே, அப்பத்தான் சனங்களுக்கு மனசுல நிக்கும்" என்று ஐயர் சொல்லிக்கொடுத்ததை நானே கேட்டேன். மூன்றாம் வருடம் ஆட்டுக்காரரைக் கதையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவர் நேரில் வந்து அசனச் சோறு சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்.

சாட்சியின் கடைசி வரி எப்போதும் ஒன்றுதான். "அன்னையிலேருந்து இந்தக் கை இவ மேல விழல." அப்பா வலது கையைத் தூக்கிக் காட்டுவார். பக்கத்தில் நிற்கும் அம்மா தலையை ஆட்ட வேண்டும். ஐயர் ஸ்தோத்திரம் சொல்ல, சபை ஆமென் சொல்லும். முன்வரிசையில் இருந்து நானும் சொல்வேன்.

கை விழத்தான் செய்தது. வருடத்தில் இரண்டு தடவை, மூன்று தடவை, குடிக்காமலே. நான் பார்த்தேன். பார்த்துவிட்டுப் போய்த்தான் ஆமென் சொன்னேன். அந்த வயதில் எனக்கு இரண்டும் முட்டிக்கொள்ளவில்லை. கோயிலில் சொல்வது கோயிலுக்கு, வீட்டில் நடப்பது வீட்டுக்கு என்றிருந்தேன். பத்து வயதுப் பிள்ளை அப்படி நினைத்தால் மன்னிக்கலாம். அங்கியும் போட்டுக்கொண்டு அப்படி நினைத்தவரை எப்படி மன்னிப்பது?

எனக்குப் பத்து வயதான வருடம், பண்டிகைக்கு முந்திய செவ்வாய்க்கிழமை ஆபீஸ் வேன் பழுதாகி அம்மா நேரம் கழித்து வந்தாள். அப்பா பசியோடு இருந்தார். அடுப்பு பற்றவில்லை. ஓங்கி ஓர் அறை விட்டார். கம்மல் வளைந்து காது மடல் கிழிந்தது. வியாழக்கிழமை அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு ஐயர் வீட்டுக்குப் போனாள்.

"ஐயரே, இந்த வருசம் என்னை மேடையில நிறுத்தாதீய. தலையாட்ட என்னால ஏலாது" என்றாள்.

ஐயர் காதைப் பார்த்தார். "பண்டிகை முடியட்டும்மா, உக்காந்து ஜெபிப்போம். அன்னைக்கு மட்டும் தலமுடிய கொஞ்சம் காது மேல எடுத்து விட்டுட்டு வா" என்றார்.

அவருக்குத் தெரியாது என்று இனி யாரும் சொல்ல வேண்டாம். நான் அங்கே இருந்தேன்.

அம்மா முடியை இழுத்துவிட்டுக்கொண்டு மேடையில் நின்றாள். அப்பா சகதியை இடுப்புவரை கொண்டுவந்தார். சனம் சிரித்தது, உச்சுக் கொட்டியது. கடைசி வரிக்குக் கையைத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மா தலையை ஆட்டவில்லை.

"விழுந்துச்சு" என்றார் அப்பா. "போன செவ்வாக்கெழம இந்தக் கை இவ மேல விழுந்துச்சு. அதுக்கு முந்தியும் விழுந்துச்சு. குடி போயிட்டு. கோவம் இன்னும் போவல. நான் இன்னும் மாறி முடிக்கல. எனக்காக ஜெபம் பண்ணுங்க. இவகிட்ட உங்க முன்னால…"

ஐயர் மைக்செட்காரரைப் பார்த்துக் கையைக் காட்டினார். மைக் போனது. பாடகர் குழு பாட்டை எடுத்தது. அப்பாவின் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அவர் கேட்ட மன்னிப்பு பக்கத்தில் நின்ற அம்மாவைத் தவிர ஒருவர் காதிலும் விழவில்லை.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஐயர் நல்ல வேளையாக எங்கள் மானத்தைக் காப்பாற்றிவிட்டார் என்று நினைத்தேன்.

பந்தலுக்குப் பின்னால் ஐயர் அப்பாவைப் பிடித்துக்கொண்டார். "சாட்சியக் கெடுத்துட்டீரே. வெளி ஆளுக எத்தன பேரு வந்திருக்காவ."

"மாறிட்டேன்னு சொன்னாத்தான் ஐயரே பொய். மாறிக்கிட்டு வாரேன்னுதானே சொன்னேன்."

"மாறிக்கிட்டு வாரேன்னு சொன்னா எவன்வே கோயிலுக்கு வருவான்?"

"நான் வருவேன்" என்றார் அப்பா.

அப்பாவை அசனக் கமிட்டியிலிருந்து எடுத்தார்கள். ஆறு மாதம் திருவிருந்து கிடையாது என்றார்கள். அடித்துக்கொண்டே ஆறு வருடம் அப்பமும் ரசமும் வாங்கினார், ஒருவரும் தடுக்கவில்லை. அடித்தேன் என்று சொன்னதும் தடுத்தார்கள். "ஏட்டி, ஒங்கப்பா ரட்சிப்பத் தொலச்சிட்டாராமே" என்று ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகள் கேட்டார்கள். நான் அதை நம்பினேன். மக்காச்சோளம் அறுத்து முடியும்வரை அப்பாவோடு பேசவில்லை.

அப்பாவை நல்லவர் என்று காட்ட இதை எழுதவில்லை. அடித்தது அவர் கை. அந்தக் காது மடல் இன்றும் சேரவில்லை. ஆனால் அவர் அதன் பிறகு ஒன்று செய்தார். சனிக்கிழமைதோறும் சாயங்காலம் அம்மா முன்னால் வந்து உட்கார்ந்து, "இந்த வாரம் நான் எப்படி?" என்று கேட்பார். அம்மா ஒளிக்க மாட்டாள். "திங்கக்கெழம தட்டத் தள்ளிவிட்டீய. வெள்ளிக்கெழம கை ஓங்கிட்டு நிறுத்திக்கிட்டீய. மத்த நாளு மனுசனா இருந்தீய" என்பாள். அப்பா தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வார். பிறகு இரண்டு பேரும் ஜெபம் பண்ணுவார்கள். சில வாரம் பட்டியல் நீளமாக இருக்கும், அப்போது ஜெபமும் நீளும். கை ஓங்குவது நிற்க இரண்டு வருடம் ஆனது. கத்துவது குறைய இன்னும் நாளானது. இப்போதும் சனிக்கிழமை கேட்கிறார். இப்போதும் அம்மாவிடம் ஏதாவது இருக்கிறது.

ரட்சிப்பைத் தொலைத்தவர் வாராவாரம் அவமானப்படுகிறார் என்றுதான் அன்று நினைத்தேன். எங்கள் வீட்டில் ஆண்டவர் வேலை செய்துகொண்டிருந்தது அந்தச் சனிக்கிழமைகளில்தான் என்பது எனக்குத் தெரியவில்லை. எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தர வேண்டியவர் மைக்கை நிறுத்தச் சொன்னவர்.

நான் இப்போது புதியம்புத்தூரில் துணி தைக்கிறேன். போன வாரம் சபை வாட்ஸ்அப் குழுவில் நோட்டீஸ் வந்தது. இந்த வருடப் பிரதிஷ்டைப் பண்டிகைக்குச் சிறப்புச் செய்தி நம் பழைய ஐயர். தலைப்பு, புது சிருஷ்டி. கிறிஸ்துவுக்குள் வந்தவன் புது மனிதன் என்ற வசனம்.

வாருங்கள் ஐயரே. நானும் வருகிறேன். உங்கள் செய்தியை ஆரம்பிக்கும் முன், முதல் வரிசையில் இருக்கும் என் அம்மாவைப் பார்த்து, சபை முழுக்கக் கேட்கும்படி ஒன்றுக்குப் பதில் சொல்லுங்கள். கிழிந்த காதை மூடிக்கொண்டு வரச் சொன்னீர்களே, யாருக்காகச் சொன்னீர்கள்?