$_REQUEST சொன்ன பெயர்

முகூர்த்த மாதம் தொடங்கும் முன்பே, எங்கள் வாடிக்கையாளரின் புது டிசைன் அடுத்த தெருக் கடையில் புடவையாகத் தொங்கியது. அதே பார்டர், முந்தியில் அதே கொடி. ஆரணியில் பட்டு மொத்த வியாபாரம் செய்யும் அந்த முதலாளி எனக்கு போன் செய்தார்.

"இன்னா தம்பி, டிசைன் எல்லாம் உன் சைட்லதான இருக்குது? யாரு எடுத்தாங்கன்னு பாத்து சொல்லு. ஜல்தி."

அந்த சைட்டை எழுதியவன் நான். இருபது வருஷமாக PHP-இல் நிரல் எழுதுகிறேன் என்ற மிதப்பு வேறு. யார், எப்போது, எந்த டிசைனை இறக்கினார்கள் என்று ஒரு லாக் வைத்திருந்தேன். அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு அவர் கடைக்குப் போனேன். அந்த டிசைனுக்கு நேராக ஒரே பெயர்தான் இருந்தது: கலைவாணி.

கலைவாணி தேவிகாபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து டிசைன்களை சைட்டில் ஏற்றும் பெண். அப்பாவுக்குக் கூலி வேலை. அந்த வீட்டில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவர் இவர்தான்.

"ஏம்மா இப்டி பண்ண?" என்றார் முதலாளி.

"நான் எதுவும் பண்ணலீங்க. ஏத்துனதோட சரி."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "லாக் பொய் சொல்லாதுங்க" என்றேன். கலைவாணி சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த லாகை நான் எழுதிய லட்சணத்தைச் சொல்கிறேன். முதலில் பாஸ்வேர்டு வைத்துத்தான் கொடுத்தேன். "பாஸ்வேர்டெல்லாம் பேஜாரு தம்பி, தொட்டா தொறக்கணும்" என்றார் முதலாளி. சரி என்று ஆளுக்கு ஒரு லிங்க் கொடுத்தேன். லிங்கின் வாலில் user= என்று அவரவர் பெயர் இருக்கும். அதை $_REQUEST-இலிருந்து எடுத்து அப்படியே லாகில் எழுதினேன். $_REQUEST-இல் இருப்பது வந்தவர் கொண்டுவந்தது. லிங்கில் என்ன பெயர் இருக்கிறதோ அதுதான் வரும், திறப்பவர் யாராக இருந்தாலும்.

மூன்று மாதம் கழித்து வேறொரு கோளாறுக்காக லாகைத் திறந்தேன். முந்தின நாள் தேதியில் கலைவாணி. அதற்கு முந்தின நாளும் கலைவாணி. அவர் இடத்தில் வேறு பெண் உட்கார்ந்து வாரக் கணக்காகிவிட்டது.

பக்கத்துப் பத்தியில் $_SERVER கொடுக்கும் REMOTE_ADDR இருந்தது. எந்த இணைய முகவரியிலிருந்து இணைப்பு வந்தது என்று சர்வரே குறித்துக்கொள்வது அது. காகிதத்தில் இடம் போதாது என்று அன்று பிரிண்டில் அதை விட்டுவிட்டேன். கலைவாணி என்ற ஒரே பெயருக்கு நேராகப் பத்தொன்பது முகவரிகள்.

காரணம் சீக்கிரமே தெரிந்தது. தறிக்காரர்கள் பார்ப்பதற்காக டிசைன் பக்கத்தை வாட்ஸ்அப் குரூப்பில் போடச் சொன்னவர் முதலாளியேதான். கலைவாணி தன் பிரவுசரில் இருந்த லிங்கை அப்படியே போட்டிருக்கிறார். குரூப்பில் அறுபது பேர். யார் திறந்தாலும் லாகில் விழுந்தது அவர் பெயர். டிசைனை வெளியே கொடுத்தது யார் என்று இன்றுவரை தெரியாது.

முதலாளியிடம் சொன்னேன். "இப்போ அந்தப் பொண்ண திரும்பக் கூப்ட்டா நான்தான் தப்பா தொரத்திட்டேன்னு ஊரே பேசும். வுடு தம்பி, புதுப் பொண்ணு நல்லாதான் பண்ணிகினு இருக்குது."

கலைவாணிக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"எங்கப்பா எங்கிட்ட பேசறதே இல்ல சார். நீங்களே வந்து சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாரு."

மறுநாள் முழு லாகையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு தேவிகாபுரம் பஸ் ஏறினேன். அவர் அப்பா நான் சொன்னதை நின்றபடியே கேட்டார். காகிதத்தைக் கையில் வாங்கவில்லை.

"அன்னைக்கு காமிச்ச பேப்பரும் நீங்க எடுத்ததுதான சார்?"

"ஆமாங்க."

"இதுவும் நீங்கதான் எடுத்துகினு வந்துருக்கீங்க. நான் எத நம்பறது?"

திரும்பி வந்து, பாஸ்வேர்டு கேட்கும் லாகினை ஒழுங்காக எழுதினேன். அரை நாள் வேலைதான். புதிதாக இந்தத் தொழிலுக்கு வருபவர்களே, ஒரு பெயரைக் காட்டி ஒருவரை நிறுத்தும் முன், அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று உங்கள் நிரலையே முதலில் கேளுங்கள்.