நாலு அங்குலம்

லண்டனில், ஈஸ்ட் ஹாமில் ஒன்று, மோர்டனில் ஒன்று, குரொய்டனில் ஒன்று என்று எனக்கு மூன்று டயர்க் கடைகள். மூன்றையும் நானே போட்டேன். பதினாறு வயதில் பள்ளிக்கூடம் என்னை விட்டதா, நான் அதை விட்டேனா என்பதில் அம்மாவுக்கும் எனக்கும் இன்றைக்கும் வழக்கு. வங்கிக்காரன் முகத்தைப் பார்த்தே கடன் தர முடியாது என்றான். முதல் கடையின் கூரைத் தகரத்தை நானே ஏறி அடித்தேன். வீட்டுக்கு மூத்தவனாக நின்று இரண்டு தங்கைகளுக்குக் கலியாணம் செய்து வைத்தேன். கோயில் தேரின் சில்லு இறுகிப்போன வருடம், படித்த எஞ்சினியர்மார் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, நான் வேட்டியோடு கீழே புகுந்து தேரை ஓட வைத்தேன். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்; செய்தவன் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

ஆனால் வண்டிச் சாமான் ஒன்றை நான் முதன்முதலில் தெரிவு செய்தது இதற்கெல்லாம் முந்தி, இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில். எனக்கு அப்போது பதினொரு வயது.

அம்மாவின் தம்பியான மாமாவும் மாமியும் ஜெர்மனியிலிருந்து வந்து எங்கள் ஈஸ்ட் ஹாம் வீட்டின் மேல் அறையில் இருந்தார்கள். மாமா ஒரு பழைய ஜப்பான் பிக்கப் வாங்கி, ஞாயிறுதோறும் கென்டில் ஒரு தோட்டத்துக்குப் போய் லீக்ஸும் பூசணியும் ஏற்றி வந்து தமிழ்க் கடைகளுக்குப் போட்டார். முன்னுக்கு ஒரே நீள இருக்கை. மாமா ஓட்டுவார், மாமி ஜன்னலோரம், நான் நடுவில். கியர்த் தடி என் முழங்காலில் இடித்துக்கொண்டே வரும். ஜன்னலோரம் ஒன்றுதான் அந்த வருடம் எனக்கு வேண்டியிருந்தது.

ஒரு ஞாயிறு, தோட்டத்துப் பாதையின் நடு மேட்டில் பிக்கப்பின் அடிவயிறு மோதி எண்ணெய் ஒழுகியது. அடுத்த ஞாயிறு வயலை வெறுமையாக்க வேண்டும், உன்னால் முடியாவிட்டால் வேறு ஆள் வருவான் என்று தோட்டக்காரன் சொல்லிவிட்டான். மாமாவுக்கு அந்த வாரம் முழுக்க இருப்புக்கொள்ளவில்லை. சாப்பாட்டுக் கோப்பையோடு எழுந்து போய் வண்டிக்கு அடியில் குனிந்து பார்ப்பார். திரும்பி வந்து, வண்டியை உயர்த்தத்தான் வேணும் என்று சொல்லி ஒரு வாய் வைப்பார். மறுபடி போவார்.

“ஆகாயத்துக்கு ஏறப்போறியோடா தம்பி?” என்றார் அம்மா. “நிலத்தில ஓடுற வண்டிக்கு ஏன் இந்த எடுப்பு?”

“எடுப்பில்லை அக்கா, வயித்துப் பிழைப்பு.”

வண்டியை உயர்த்தும் சாமான் எசெக்ஸில் ஒரு கடையில் மலிவாகக் கிடைக்கும் என்று மாமா கேள்விப்பட்டிருந்தார். அவருக்கு ஜெர்மன் தண்ணீர்பட்ட பாடு, ஆங்கிலம் வாயில் நிற்காது. ஆகவே தொலைபேசி என் கைக்கு வந்தது.

“மருமோன், ரெண்டு அங்குலம் எண்டு கேள். அதுக்கு மேல வேண்டாம். மாமிக்குக் கால் நோவு, ஏறேலாது.”

கடைக்காரன் பொறுமைசாலி. இரண்டு அங்குலச் சாமான் புதிது, இருக்கிறது என்றான். இன்னொரு வண்டியிலிருந்து கழற்றிய நாலு அங்குலச் சாமானும் அதே விலைக்கு இருக்கிறது, ஆனால் பாரம் ஏற்றுகிற வண்டிக்கு இரண்டே நல்லது என்றும் சொன்னான். எனக்கு எல்லாம் விளங்கியது. நாலு அங்குலம் உயர்ந்தால் மாமியால் ஏற முடியாது, மாமி வரமாட்டா, ஜன்னல் எனக்கு. தலைக்குள் கணக்கு முடிந்துவிட்டது.

“என்ன சொல்லுறான்?”

“ரெண்டு இல்லையாம் மாமா. நாலுதான் இருக்காம்.”

“எப்ப வருமாம்?”

“இந்த மாசம் வராதாம்.”

மாமா விரலை மடித்து எண்ணினார். ஞாயிற்றுக்கு நாலே நாள். “சரி, நாலையே சொல்லு,” என்றார்.

வெள்ளியும் சனியும் வீட்டு முன்றலில் வேலை நடந்தது. பின் ஸ்பிரிங்குகளை மாற்றி, முன்பக்கத்தை முறுக்கி ஏற்றி முடித்தபோது அந்தக் கிழட்டு வண்டி சண்டைச் சேவல் மாதிரி நின்றது. நான் சுற்றிச் சுற்றி வந்தேன். மாமி வாசலில் நின்று அதன் படியைப் பார்த்தா.

ஆனால் ஞாயிறு காலை மாமியும் வெளிக்கிட்டு வந்து நின்றா. “ரெண்டு கையால வயல் முடியாது,” என்றா. மாமா அவவை இடுப்பில் பிடித்து ஜன்னலோரம் ஏற்றிவிட்டார். நான் மறுபடியும் கியர்த் தடியோடு, முகத்தை நீட்டிக்கொண்டு இருந்தேன்.

பாதையின் மேட்டை வண்டி தொடாமல் தாண்டியது. மத்தியானம் மழை பிடித்தது. நான் முதலில் ஓடி வந்து ஏறி, ஜன்னலோரத்தில் குந்திக்கொண்டேன். மாமா தூரத்தில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். மாமி வந்து கதவைத் திறந்தா. “அரக்கி இரு அப்பன், எனக்கு இடம் விடு,” என்று சொல்லி, சேறு பிடித்த சப்பாத்தோடு ஒரு காலை உயர்த்தி வைத்தா. நான் அரக்கவில்லை. மற்றக் கால் வழுக்க, மாமி அப்படியே சேற்றில் விழுந்து இருந்துவிட்டா. அண்ணாந்து பார்த்துச் சிரித்தா. “ஒண்டுமில்லை, மாமாவுக்குச் சொல்லாதை,” என்றா.

புதன்கிழமை மாமியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வயிற்று நோவு என்றார் அம்மா. வண்டியில் ஏறும்போது வழுக்கியதை மாமி அங்கே சொல்லியிருந்தா. பிறகு வீடே வாயை மூடிக்கொண்டது. அம்மா மட்டும் ஒருநாள் குசினிக்குள் அடுப்பருகில் நின்று மாமாவிடம், “உன்ர உயரப் பைத்தியம்தான்ரா,” என்று சொல்லி அழுதார். கடையில் அதுதான் கிடைத்தது என்று மாமா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் தொலைபேசியைப் பிடித்தவன் யார் என்ற பேச்சு வரும். அவர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார். அந்த மாதமே பிக்கப்பை விற்றார். நான்தான் அதன் முன்னால், வாங்க வந்தவனோடு நின்று படம் எடுத்துக்கொண்டேன்.

கலியாணம் முடித்து ஆறு வருடத்துக்குப் பிறகு மாமியின் வயிற்றில் ஒரு பிள்ளை தங்கியிருந்ததையும், மூன்று மாதம் முடியும்வரை வெளியில் சொல்லாத வழக்கத்தால்தான் அதற்குக் கால் நோவு என்று பெயர் வைத்ததையும், என் மனைவி முழுகாமல் இருந்தபோதுதான் அம்மா எனக்குச் சொன்னார். விழுந்ததுதான் காரணம் என்று டாக்டர்மார் சொல்லவில்லையாம். இல்லையென்றும் சொல்லவில்லையாம்.

எங்கள் ஆட்கள் எங்கே கூடினாலும் இன்றைக்கும் அந்தக் கதை வருகிறது. லொறியை உயர்த்திப் பிள்ளையைத் தொலைத்தவன் என்று மாமாவின் முதுகுக்குப் பின்னால் சொல்கிறார்கள். மாமி காதில் விழாத மாதிரி எழுந்து போகிறா. சொல்கிறவர்கள் சரியாகச் சொல்ல வேண்டும். கடைக்காரனிடம் இரண்டு அங்குலம் இருந்தது. நாலைத் தெரிவு செய்தவன் நான். அரக்கி இருக்காதவனும் நான். மாமாவின் பெயரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் என் பெயரைப் போடுங்கள்.