சோஃபி பால் குடிக்காது

பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பல் பகுதியில், குலசேகரத்தின் பலசரக்குக் கடையில் மரக்கறிப் பக்கம் கரிகாலனின் பொறுப்பு. நாற்பது கடந்த தனியாள். புறநகரான சார்செலில் அவனுடைய கட்டடத்திலேயே குடியிருந்த புதுச்சேரிக்காரர் ரேமண்ட், மகளோடு இருக்கத் தெற்கே கிளம்பியபோது தான் வளர்த்த பாம்பை அவனிடம் விட்டுப் போனார். ஆபிரிக்க இனத்துச் சின்ன மலைப்பாம்பு அது. பெயர் சோஃபி. விஷம் கிடையாது. பயந்தால் பந்துபோலச் சுருண்டு, தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும். அதற்குத் தெரிந்த சண்டை அவ்வளவுதான்.

விஷயம் கடைக்குத் தெரிந்த நாளிலிருந்து கரிகாலனுக்கு நிம்மதி போயிற்று. அவன் அடுக்கிய கத்தரிக்காயைச் சிலர் தொட மறுத்தார்கள். கூட்டாளிமார் அவன் வீட்டுக்கு வருவதை விட்டார்கள். "கையைக் கழுவிப்போட்டு முருங்கைக்காயைத் தொடு" என்று குலசேகரம் தினமும் சொன்னார். பாம்பு சீறாது, துரத்தாது, பழிவாங்காது என்று கரிகாலன் ஆள் மாறி ஆளுக்கு விளக்கினான். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு ஓரடி தள்ளி நின்றார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை குலசேகரத்தின் மனைவி புனிதவதி, மருமகள் தயாளினியைக் கூட்டிக்கொண்டு அவன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். தயாளினிக்குக் கல்யாணமாகிச் சில வருடங்கள். குழந்தை இல்லை.

"பிள்ளைக்கு நாகதோஷமாம் தம்பி. ஒருக்கால் கும்பிட்டுப் போறம்."

"அக்கா, இது நாகம் இல்லை. படமே எடுக்காது. ஆபிரிக்காப் பாம்பு."

"எங்க பிறந்தா என்ன, பாம்பு பாம்புதானே."

முதலாளியின் மனைவியை வாசலோடு திருப்பி அனுப்ப முடியவில்லை. எதையும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தேநீர் போடக் குசினிக்குள் போனான். திரும்பி வந்தபோது கண்ணாடிப் பெட்டியின் மூடி திறந்திருந்தது. தண்ணீர்ச் சட்டி நிறையப் பால். பெட்டிக்குள் பரப்பியிருந்த மரத்தூளெல்லாம் பால். சோஃபியின் மூக்கிலும் வாயோரத்திலும் குங்குமம். அது இறுகச் சுருண்டு தலையை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

"பாத்தியே, அம்மா தலை வணங்கி ஏற்றுக்கொண்டிட்டா" என்றாள் புனிதவதி.

"பயத்திலை சுருளுது அக்கா. பாம்பு பால் குடிக்காது. குங்குமம் மூக்குக்குள்ளை போனா மூச்சு விட ஏலாது."

அவள் கேட்கவில்லை. கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். தயாளினி மட்டும் முகம் சிவந்து சுவரைப் பார்த்தபடி நின்றாள்.

அவர்கள் போனதும் கரிகாலன் ஈரப்பஞ்சால் குங்குமத்தைத் துடைத்து எடுத்தான். மறுநாளே சோஃபி வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கத் தொடங்கிற்று. மிருக வைத்தியரிடம் கொண்டு போனான். காத்திருந்த ஒரு மதாம், இவன் மடியிலிருந்த பெட்டிக்குள் என்ன என்று கேட்டாள். சொன்னதும் தன் பூனையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். மருந்து கொடுத்தும் சோஃபி வாரக்கணக்கில் இரை எடுக்கவில்லை. உறையவைத்து விற்கும் எலியை வாங்கிப் பனி இளக்கி வைத்தான்; ஒவ்வொரு முறையும் அதைக் குப்பையில்தான் போட்டான்.

பிறகுதான் செய்தி வந்தது. தயாளினி கர்ப்பம். புனிதவதி கடை முழுக்கக் கற்கண்டு கொடுத்து, "எல்லாம் தம்பியின்ரை நாகம்மா குடுத்தது" என்றாள். அவன் தொட்ட கத்தரிக்காயைத் தொட மறுத்தவர்களே இப்போது வீட்டு விலாசம் கேட்டார்கள்.

தயாளினி ஒரு நாள் வெங்காயப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து மெதுவாகச் சொன்னாள்: "அண்ணை, உங்கடை வீட்டுக்கு வர முந்தியே நான் கர்ப்பம் எண்டு எனக்குத் தெரியும். முந்தி ரண்டு தரம் கரு நிக்கேல்லை. அதாலை இந்த முறை ஆருக்கும் சொல்லேல்லை. இப்ப மாமி பாம்பை நம்பி என்னை நிம்மதியா விட்டிருக்கிறா. சொல்லிப்போடாதேங்கோ." கொஞ்சம் பொறுத்து, "அது சாப்பிடுதே?" என்று கேட்டாள். சோஃபியைப் பற்றி அப்படி ஒருவர் கேட்டது அதுவே முதல் தடவை.

"இன்னும் இல்லை" என்றான். அவளை என்ன சொல்ல முடியும்? ஊரின் வாயை அடைக்க அவனிடம் இருந்த ஒரே உண்மையையும் அவள் பூட்டிவிட்டுப் போனாள்.

வில்லியே லே பெல்லிலிருந்தும் சென் தெனியிலிருந்தும் ஆட்கள் பாலும் முட்டையுமாய் வந்து மணியை அழுத்தினார்கள். விளக்கிப் பார்த்தான். கதவைத் திறக்காமல் இருந்து பார்த்தான். ஒரு ஞாயிறு குலசேகரமே ஒரு தம்பதியைக் கூட்டி வந்து கதவைத் தட்டியபோது, "பாம்பைக் குடுத்திட்டன் அண்ணை" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னான். உள்ளே படுக்கையறையில் சோஃபி தன் பெட்டிக்குள் கிடந்தது. முந்தின நாள்தான் ஒரு சின்ன எலியை விழுங்கியிருந்தது.

அதற்குப் பிறகு புனிதவதி அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வாடிக்கையாளர்களிடம், "வீடு தேடி வந்த தெய்வத்தை ஆருக்கோ தள்ளி விட்டவன்" என்று அவன் காதுபடவே சொன்னாள். கரிகாலன் பாகற்காயை எடை போட்டுப் பையில் கட்டினான். அடுத்த ஆளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டான்.